காப்பித்தூள் போர்டு

"முதல்ல உங்களுக்காக எழுதிப் பாருங்கண்ணா. காசு, கஸ்டமர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். எங்கள் ஃபிளக்ஸ் கடையில், பேனரில் கயிறு கட்டும் ஓட்டைக்கு ஐலெட் வளையம் அடித்துக்கொண்டிருந்த, முன்பு கையால் போர்டு எழுதிய அண்ணன் சுத்தியலைக் கீழே வைக்காமலே கேட்டார்: "எனக்காகன்னு நான் எப்ப தம்பி எழுதியிருக்கேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்து, அப்படி ஒரு நாள் ஞாபகத்துக்கு வராமல்தான் கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த ஐலெட்டுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

நான் சொன்னது பொய்யான யோசனை இல்லை. ஃபிளக்ஸ் கடையில் டிசைன் போடுகிற என்னைப் போன்றவர்களுக்கு வரையும் ஆசை எப்படி வற்றிப்போகும் என்று இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். காலையிலிருந்து காதணி விழா, பூப்புனித நீராட்டு, கடைத் திறப்பு. கடை சாத்தும் நேரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி வரும், விடிவதற்குள் வேண்டும். மாமா போட்டோவைப் பெருசு பண்ணு, பெரியப்பா பேர் விட்டுப்போச்சு, சிவப்பை இன்னும் சிவப்பாக்கு. ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகை நெருங்கினால் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க முடியாது. நாள் முழுக்க அடுத்தவர் சொன்ன நிறத்தையும் எழுத்தையும் பார்த்த கண், வீட்டுக்குப் போனதும் கலர் டப்பாவைத் திறக்க விடாது. அரை மணி நேரம் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த அரை மணியில் வெறும் சுவரைப் பார்த்து உட்காரத்தான் மனசு போகும்.

இப்படி ஓய்ந்துபோனவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஆர்டர் இல்லாமல், கெடு இல்லாமல், சின்னதாக ஆரம்பிப்பது. 22-க்கு 30 அங்குல வாட்டர்கலர் தாளை வாங்கிய அன்றே 16 துண்டாக வெட்டிவிட வேண்டும். ஒரு துண்டு ஐந்தரைக்கு ஏழரை அங்குலம் வரும். தாள் 300 ஜி.எஸ்.எம். கனம் என்றால் இந்த அளவில் நனைத்துப் பலகையில் இழுத்து ஒட்டத் தேவையில்லை, ஓரத்தில் டேப் போதும். மூன்று நிறம், ஒரு ரவுண்ட் பிரஷ், எல்லாம் மேசை மேலேயே கிடக்க வேண்டும். பீரோவுக்குள் போனால் அதோடு சரி. சேலத்துச் சித்திரையில், ஃபேனுக்கு அடியில், தண்ணீராகக் கரைத்துப் பரப்பும் ஒரு வாஷ் கண் முன்னாலேயே காய்ந்துவிடும். பெரிய தாளில் வானம் போட்டால் இந்த ஓரம் முடிவதற்குள் அந்த ஓரம் காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும். சின்னத் துண்டில் ஈரம் இருக்கும்போதே முழு வானத்தையும் முடித்துவிடலாம். ஒன்றை முடித்தோம் என்ற நிறைவுதான் மறுநாளும் உட்கார வைக்கிறது. இது பலருக்குப் பலித்த வழி. அதைத்தான் சொன்னேன்.

ஆனால் அண்ணன் வாட்டர்கலர் ஆள் இல்லை. தகரத்திலும் ஷட்டரிலும் சுவரிலும் எனாமலில் எழுதிக் குடும்பம் நடத்தியவர். ஒரு நாள் பூரா எழுதும் போர்டு மெஷினிலிருந்து நிமிஷக் கணக்கில் இறங்க ஆரம்பித்த பிறகு, அதே மெஷின் ஓடுகிற கடையில் ஃபினிஷிங் வேலைக்கு வந்தார். ஓரம் மடித்து ஒட்டுவது, ஐலெட் அடிப்பது, ரீப்பர் மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவது. 2019-ல் சென்னையில் பேனர் சரிந்து விழுந்து ஓர் இளம்பெண் இறந்ததும் கட்சிக்காரர்கள் பேனரைக் குறைத்தார்கள். எங்களைப் போன்ற கடைகள் வேறு வேலைகளையும் தேட வேண்டி வந்தது. அப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஏற்காட்டிலிருந்து ஒரு காப்பித்தூள் கடைக்காரர் வந்தார். ஆறடிக்கு மூன்றடி போர்டு வேண்டும், கம்ப்யூட்டர் எழுத்து வேண்டாம், கையால் எழுதியதுதான் வேண்டும் என்றார். முதலாளி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் "கை வராதுங்க" என்றார். அந்த இடத்தில்தான் நான் குறுக்கே பேசினேன்.

எனக்கு ஒரு பயம் இருந்தது. ரொம்ப நாள் விட்ட கை முதல் போர்டிலேயே, அதுவும் காசு கொடுத்தவர் முன்னால் நடுங்கினால், அந்த மனுஷன் இனி பிரஷையே தொடமாட்டார். இதைச் சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் எனாமல் அவ்வளவு இரக்கமில்லாத பெயின்ட் இல்லை. கோடு பிசகினால், ஈரம் இருக்கும்போதே டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம். கீழே அடித்த பூச்சு நன்றாக இறுகியிருந்தால் ஒன்றும் ஆகாது. தின்னரைத் தொட்டால்தான் அடியில் இருக்கும் பூச்சும் சேர்ந்து கிளம்பிவரும். இது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அண்ணன் ஆர்டரை ஒத்துக்கொண்டது மறுநாள். என்ன யோசித்தார் என்று சொல்லவில்லை. பிரஷ்களை எடுத்து வந்தார். தகரப் பூணுக்குள் பெயின்ட் இறுகி, மயிர் இரண்டாகப் பிளந்து நின்றவற்றை ஒதுக்கினார். நுனியில் எவ்வளவு கழுவினாலும் பூணுக்குள் காய்ந்தது வராது, அந்த பிரஷில் இனி நேர்கோடு இழுக்க முடியாது. எண்ணெய் தடவி வைத்திருந்த இரண்டு பட்டை பிரஷ்கள் மட்டும் பிழைத்திருந்தன.

பழகுவதற்கு வேஸ்ட் ஃபிளக்ஸ் இருக்கிறதே என்றேன். வேண்டாம் என்றார். ஃபிளக்ஸ் வளைவதற்காக பிளாஸ்டிக்கில் சேர்க்கிற பொருள் மெல்ல எனாமலுக்குள் ஏறும், எத்தனை நாளானாலும் பிசுபிசுவென்றே இருக்கும். அதற்குப் பதில் செய்தித்தாளைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டார். வரி விளம்பரப் பத்திகளின் கோடுகள் அப்படியே மேல்கோடு, கீழ்கோடாகிவிடும். வேலை முடிந்த சாயங்காலங்களில், கடைக்குப் பின்னால் கிடக்கும் மெருகேற்றாத கடப்பா கல்லில் வெறும் தண்ணீரைத் தொட்டு எழுதினார். நின்ற கோடு, படுத்த கோடு, பிறகு சுழி. பட்டை பிரஷில் சுழி போடும்போது கையைத் திருப்பக் கூடாது, பிரஷின் காம்பை விரல்களுக்கிடையில் உருட்ட வேண்டும். கை திரும்பினால் சுழியின் பாதியில் கோடு ஒல்லியாகிவிடும். 'ள'வை எழுதுவார். காய்ந்து போகும். மறுபடி எழுதுவார்.

அந்தச் சாயங்காலங்களுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. அது அவருக்காக எழுதியது இல்லையா? இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டால் "போர்டுக்காகத்தான்" என்பார் என்று தெரியும். கேட்கவில்லை.

தகரம் புது ஜி.ஐ. ஷீட், துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. அந்தப் பூச்சின் மேல் நேராக ரெட் ஆக்சைடோ எனாமலோ அடித்தால் முதலில் பிடித்த மாதிரிதான் இருக்கும். நாளாக ஆக, பெயின்டில் உள்ள எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து அடியில் சோப்பு போலாகி, ஏடு ஏடாக உரிந்துவரும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, துத்தநாகத்தில் பிடித்து நிற்கும் எட்ச் பிரைமர் கொடுத்து, 320 எமரித் தாளில் லேசாகத் தேய்த்து, இரண்டு கோட் க்ரீம் எனாமல் அடித்தார். பதினெட்டு சதுர அடிக்கு அரை லிட்டர் தாராளம்.

பிறகு எழுத்தைப் பிரிப்பது. 'காப்பித்தூள்' ஆறு எழுத்து. நான் கம்ப்யூட்டரில் செய்வதைப் போல ஆறு சமக் கட்டம் போட்டால் 'கா' நெருக்கிக்கொண்டு நிற்கும், 'ப்' இருக்கும் இடம் பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். அவர் சாக்பீஸில் லேசாக எழுதி, நான்கடி தள்ளி நின்று பார்த்து, துடைத்து, 'பி'யையும் 'த்'தையும் முதலில் நடுவில் நிறுத்தி இரண்டு பக்கமும் நகர்ந்தார். புள்ளிக்கும் 'பி'யின் விசிறிக்கும் மேலே இடம், 'தூ'வின் வாலுக்குக் கீழே இடம். எழுத்து உயரம் 9 அங்குலம். ஓர் அங்குலத்துக்குப் பத்தடி என்பது போர்டு எழுதுகிறவர்களின் பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் வளைவில் திரும்பும் வண்டிக்கு 90 அடியில் படிக்கக் கிடைக்கும். தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம், கோடு தடித்தால் தூரத்தில் சுழி அடைத்துக்கொள்ளும். அதனால் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் கோடு போகவிடவில்லை.

அவுட்லைனை மட்டும் மேலே ஏற்காட்டுக்கு வந்து கடையிலேயே எழுதித் தரச் சொன்னார் கடைக்காரர். காப்பிப் பழம் பறிக்கிற சீசன், ஆட்கள் பார்க்கட்டும் என்று ஆசை. அண்ணன் மறுத்துவிட்டார். காயாத எனாமலில் பனி இறங்கினால் பளபளப்பு போய், பால் தெளித்தது போல மங்கிவிடும். இங்கேயே மதியத்துக்குள் எழுதி முடித்து, நன்றாக இறுகவிட்டு, பிறகுதான் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி போர்டு போனது.

அவருக்கு ஆர்வம் திரும்பிவிட்டது என்று கடையில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. போர்டு போன பிறகு அவர் வீட்டில் உட்கார்ந்து எதையும் எழுதவில்லை, கடப்பா கல் பக்கமும் போகவில்லை. பிரஷ்கள் எண்ணெயில் கிடந்தன. அதே கடைக்காரர் விலைப்பட்டியல் போர்டு வேண்டும் என்று போன் செய்ததும், யாரையும் கேட்காமல் புதுசாக ஒரு பட்டை பிரஷ் வாங்கிவந்தார். ஆசை அவருக்குள் எங்கோ தூங்கிக்கொண்டிருந்தது என்று நான் எண்ணியிருந்தேன். அது அவருக்கு உள்ளே இருந்ததே இல்லை போலிருக்கிறது. அந்தப் போர்டு தேவைப்படுகிற ஆளிடம்தான் இருந்திருக்கிறது. ஃபிளக்ஸ் வந்தபோது அந்த ஆள்தான் போனார், இப்போது அவர் திரும்பி வந்திருக்கிறார்.

இது சரி என்றால், ஆர்டரும் கெடுவும்தான் ஆசையைக் கொல்கின்றன என்று நான் சொல்லிவந்தது என்ன ஆவது? எனக்கு அது இன்னமும் உண்மைதான். ஆர்டருக்கு ஒரு படம் வரைந்தால் அடுத்த மாதம் முழுக்கத் தாளைத் தொட முடிவதில்லை. ஒரே கடையில், ஒரே விளக்கின் கீழ், இரண்டு பேருக்கு இரண்டும் உண்மையாக இருக்க முடியுமா என்று தெரியவில்லை. அவரிடம் வந்த கடைக்காரர் 'பெருசு பண்ணு' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, எழுதுகிறவர் கையில் விட்டுவிட்டார். வித்தியாசம் அதில் இருக்கலாம். அல்லது அண்ணனிடம் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராமல் இருக்கலாம்.

இப்போது முதலாளி எங்கள் விலைப்பட்டியலில் கை எழுத்துக்கும் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறார், ஃபிளக்ஸ் மாதிரியே சதுர அடிக் கணக்கில். அண்ணன் எழுத்துக் கணக்குதான் என்கிறார். 'ட'வும் 'ணூ'வும் ஒரே வேலை இல்லை, காலி இடத்துக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறார். பத்து நாள் கெடு, டிசைனில் திருத்தம் சாக்பீஸ் நிலையில் மட்டும் என்று இரண்டு நிபந்தனைகளை நானாகவே டைப் செய்து சேர்த்திருக்கிறேன். முதலாளி அவற்றை ஒத்துக்கொண்டார். விலைக்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது. விலைப்பட்டியல் போர்டை முடித்துவிட்டுச் சொல்வதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்.