லாக் நெஸ்: கால் தெரியாத தண்ணீரில் 12 நிமிடம்

எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தலைமுடியில் இன்னும் அந்த ஏரியின் மண்வாசனை இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகரிலிருந்து சுமார் 13 கிலோமீட்டரில் டோர்ஸ் என்ற சிற்றூர். லாக் நெஸ் ஏரியின் கூழாங்கல் கரை அங்கே இருக்கிறது. பஸ்ஸைத் தவறவிட்டு டாக்சி பிடித்தேன். 25 பவுண்டுக்குள் ஆகும் என்று சொல்லி ஏற்றிக்கொண்ட ஓட்டுநர், இறங்கும்போது 35 கேட்டார். சுமைக்கும் சேர்த்தாம்! என்னிடம் இருந்தது தோளில் மாட்டும் ஒரே ஒரு துணிப்பை. அந்தப் 10 பவுண்டு எனக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு. கொடுத்துவிட்டேன், வயிறெரிந்துகொண்டேதான் தண்ணீரில் கால் வைத்தேன்.

கணுக்காலளவில் தண்ணீர் வெளிர்மஞ்சளாக இருந்தது. முழங்காலளவில் பாதங்கள் செம்பு நிறமாயின. இன்னும் சில எட்டுகளில் காணாமலே போயின. இது அழுக்கல்ல. சுற்றியுள்ள மலைகளில் செடிகொடிகள் மக்கிய சதுப்பு மண் வழியாக மழைநீர் இறங்குகிறது, டிகாஷன் இறங்குவதுபோல. அந்தச் சாறு நீல ஒளியை விழுங்கிவிடுவதால் மஞ்சளும் சிவப்புமே மிஞ்சுகின்றன.

கழுத்தளவு இறங்கியதும் மூச்சு என் வசத்தில் இல்லை. குளிர்நீர் பட்டால் உடல் அப்படித்தான் திணறும். ஓரிரு நிமிடத்தில் அடங்கும். அதுவரை நீந்தாமல் மிதக்க வேண்டும். தயவுசெய்து இதை மறக்காதீர்கள், தனியாகவும் இறங்காதீர்கள்.

மூச்சு அடங்கியதும் முகத்தை உள்ளே வைத்தேன். முழங்கை வரை தேன் நிறம், விரல்நுனியில் பழுப்பு, அப்பால் ஒன்றுமே இல்லை. ஏரியின் அதிகபட்ச ஆழம் 230 மீட்டர் என்று படித்தது அப்போதா நினைவுக்கு வர வேண்டும்! இந்த ஏரியில் வாழ்வதாக ஊரே பேசும் ‘நெஸ்ஸி’ என்ற அந்த மர்ம விலங்கு என் மனதில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் கால்களே எனக்குத் தெரியாமல் போனதுதான் பயம். நீச்சல் குளத்தில் அடித்தளம் பின்னே நகர்வதைப் பார்க்கலாம். இங்கே எவ்வளவு கை வீசினாலும் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருந்தது. கால்களைத் தொங்கவிட்டால் முழங்காலுக்குக் கீழே குளிர் இன்னும் கடுமை. கடல்நீர் தாங்குவதுபோல் இந்த உப்பில்லாத நீர் தாங்கவும் இல்லை.

பிறகு மல்லாந்தேன். காதுகள் நீருக்குள் போனதும் என் மூச்சொலி மட்டும். கண்ணுக்கு மலையும் மேகமும்தான். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியமே போய்விட்டது. மெல்லிய நீர்; விரல்களுக்கிடையே பட்டுபோல் வழுக்கியது. பயணத்தில் இதுவரை பார்த்த எந்தக் கோட்டையும் இதற்கு ஈடாகாது. அங்கெல்லாம் டிக்கெட் வேறு!

இங்கே நீந்தக் கட்டணமே இல்லை. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஸ்காட்லாந்தின் ஏரிகளில் பொறுப்போடு நீந்தும் உரிமையை எல்லோருக்கும் தந்திருக்கிறது. கரையேறிய பின்புதான் நடுக்கம் கூடுகிறது. சட்டை, கம்பளி எல்லாவற்றையும் எடுக்க வசதியாகத் தயாராக வைத்துவிட்டு இறங்குங்கள்.

நாளைக் காலை மறுபடியும் போகிறேன். பஸ் நேரத்தை உள்ளங்கையில் எழுதி வைத்திருக்கிறேன்.