வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள்

கோவையை ஒட்டிய பேரூரில் நம்மோடு படித்த எவரையும் கேளுங்கள், ஆறு என்றால் நொய்யல்தான் நினைவுக்கு வரும். படித்துறையில் திதி கொடுப்பதும், ஆடி பதினெட்டுக்குக் கூட்டம் நெரிவதும் எல்லோருக்கும் தெரியும். கோயிலில் அதைக் காஞ்சிமாநதி என்பார்கள். நான் எழுத நினைத்தது வாய்க்காலைப் பற்றி.

வெள்ளியங்கிரி மலையில் மழை பிடித்துவிட்டால் சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் திரும்பும். செய்தி வந்ததும் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு ஓடுவோம். காய்ந்த வாய்க்காலில் சருகையும் நுரையையும் சுருட்டிக்கொண்டு பழுப்பாக ஒரு விளிம்பு வரும். அதற்கு முன்னால் எறும்பும் பிள்ளைப்பூச்சியும் கரையேறும். மண் வெடிப்பைக் கண்டால் தண்ணீர் நின்றுவிடும். குமிழிவிட்டுக் குடித்து முடித்த பிறகே மேலே நகரும். ஆள் நடக்கிற வேகம்தான். "கண்ணு, தள்ளி நில்லு, தண்ணிக்கு வழி விடு" என்பார் மண்வெட்டியோடு நிற்கும் பெரியவர்.

வருஷம் முழுக்க ஓடும் ஆறல்ல நொய்யல். அதனால்தான் முன்னோர் அணைக்கட்டுப் போட்டு, வாய்க்கால் வெட்டி, குளம் குளமாகத் தேக்கினார்கள். கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, முத்தண்ணன் குளம் என்று ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போகும். குளம் நிரம்பினால் சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் ஊறும். சாமியே வயலில் இறங்கி நாற்று நட்டார் என்று ஆனியில் நம் பட்டீசுவரர் கோயிலில் விழா எடுக்கிறார்களே, அந்த வயல் வேறெந்தத் தண்ணீரில் விளைந்திருக்கும்?

ஆறு சூலூர், திருப்பூர் தாண்டி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரில் காவிரியில் சேர்கிறது. வழியில் பட்ட பாட்டை விடுதியில் என்னோடிருந்த சென்னிமலைப் பக்கத்து நண்பன்தான் சொல்வான். பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் வந்தது. அதில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு தேங்கியது. அவன் வீட்டுக் கிணற்று நீர் உப்பேறி, மாடு மூக்கை நனைத்துவிட்டுத் திரும்பிவிடுமாம். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது சிங்கப்பூரிலிருந்த எனக்குப் போன் போட்டான், அழுதான்.

போன ஆடியில் ஊருக்கு வந்தேன். பேத்தியைச் சித்திரைச்சாவடிக்கு அழைத்துப் போனேன். அணைக்கட்டின் மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிக் காலை வைத்தவள், "ஐயோ, ஜில்லுனு இருக்கு தாத்தா" என்றாள். மலைத்தண்ணி, அப்படித்தான் இருக்கும் என்றேன்.