வடசேரிப் பட்டறை நாட்குறிப்பு

செப்டம்பர் 15, 2025

மார்கழி சீசனுக்கான நடன நகை ஆர்டர் வரத் தொடங்கிவிட்டது. நடனக்காரர்கள் தலையில் அணியும் தலைசாமான் ஒரு செட், இரண்டு ஒட்டியாணம். கணக்கு எழுத வந்துகொண்டிருந்த தங்கச்சி மகளை இன்று பட்டறையில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். வெள்ளியில் கட்டிச் சிவப்புக் கல் பதிக்கிற எங்கள் நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று, ஆனால் வடசேரியில் இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே போகின்றன. அப்பனிடமிருந்து மகனுக்கு என்றே இருந்த வழக்கம். மகன்கள் வேறு வேலைக்குப் போன பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் தொழில் எப்படி நிற்கும்? இவளுக்குக் கை நிதானம் இருக்கிறது. எனக்கு அது போதும்.

செப்டம்பர் 22

திருவனந்தபுரத்திலிருந்து ஒரு நடன ஆசிரியை கொண்டைமேல் வைக்கிற பழைய ராக்கொடி ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய குருவின் நகையாம். சிவப்புக் கல்லெல்லாம் மங்கிப்போயிருந்தது. இதைவிட நல்ல பாடம் நான் தேடினாலும் கிடைக்காது.

குமுட்டிக் கரியில் மெல்லச் சூடு காட்டி, கல்லைப் பிடித்திருந்த அரக்கை இளக்கினோம். சாமணத்தால் முதல் கல்லைத் தூக்கியதும், "மாமா, அடியில கறுத்துக் கிடக்கே" என்றாள். கல்லுக்கு ஒரு குறையும் இல்லை. அடியில் வைத்த வெள்ளி ரேக்கு, அதாவது மெல்லிய தகடு, பளபளப்பாக இருந்தால்தான் உள்ளே போன வெளிச்சம் சிவப்பாகத் திரும்பி வரும். வேர்வையோ தண்ணீரோ ஓரத்தில் இறங்கினால் ரேக்கு கறுக்கும், கல் செத்துவிடும். நகையைத் தண்ணீரில் கழுவாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் நாங்கள் சொல்வது இதனால்தான்.

அரக்கைச் சுரண்டி எடுத்தபின் வெள்ளி அறைகள் தெரிந்தன. அவள் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தாள். சுவர்கள் எல்லாம் ஒரு நூல் உள்சாய்வாக நிற்கின்றன என்று அவளே கண்டுபிடித்தாள். அரக்கு ஒருவேளை விட்டாலும் கல் விழாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. செய்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் கை எங்கே அழுத்தியது, எங்கே விட்டது என்பதெல்லாம் உள்ளே அப்படியே இருக்கிறது. புது நகை செய்து பழகுகிறவன் என் கையை மட்டும் பார்ப்பான். பழசைப் பிரிக்கிறவன் எனக்கு முந்தைய நாலு பேரின் கையைப் பார்க்கிறான். அதனால்தான் ரிப்பேர் வேலையை நான் ஒருநாளும் திருப்பி அனுப்புவதில்லை.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. அப்பாவின் ஊதுகுழலுக்கும் குறடுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். அவற்றின் கதையைக் கேட்டாள்.

1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தபோது எனக்கு எட்டு வயது. புது நகை 14 காரட்டுக்கு மேல் செய்யக்கூடாது என்றார்கள். தாலிக்கு 14 காரட் யார் கேட்பார்கள்? நாடெங்கும் பட்டறைகள் பூட்டிக் கிடந்தன, பொற்கொல்லர்கள் உயிரை விட்ட செய்திகள் வந்தன. வெள்ளியில் கட்டி மேலே கொஞ்சம் தங்கம் போடும் இந்தக் கோயில் நகைதான் எங்கள் அடுப்பை எரியவைத்தது. 14 காரட் விதியை 1966இல் எடுத்தார்கள், ஆனால் 1968இல் தங்கக் கட்டுப்பாட்டைச் சட்டமாகவே ஆக்கினார்கள். 1990இல்தான் அது போனது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் உளியைக் கீழே வைத்துவிட்டன. கை விட்டுப்போன வேலையை எந்தச் சட்டமும் திருப்பித் தராது.

அக்டோபர் 17

மழை. கரி நமத்து, காலை முழுக்கப் புகை.

மதியத்துக்குமேல், கல்லைச் சுற்றி 24 காரட் தங்க ரேக்கு திணிக்கக் கற்றுக்கொடுத்தேன். 24 காரட் ஏன் என்று கேட்டாள். 22 காரட்டில் செம்போ வெள்ளியோ கலந்திருக்கும், விறைக்கும். சுத்தத் தங்கம் வெண்ணெய் மாதிரி வளையும், அழுத்த அழுத்த ஒன்றோடொன்று நெருப்பில்லாமலே ஒட்டிக்கொள்ளும். கல்லின் ஓரத்துக்கும் வெள்ளிச் சுவருக்கும் நடுவே ரேக்கைச் சிறுசிறு துண்டாக வைத்து, மழுங்கிய சிற்றுளியால் இறுக்கிக்கொண்டே வரவேண்டும். அவசரப்பட்டால் கல் ஓரம் தெறிக்கும்.

"கண்ண மூடிக்கிட்டு விரலால தடவிப் பாரு மக்களே" என்றேன். நகம் எங்கும் மாட்டக்கூடாது. ஒரு கல்லில் மாட்டியது. நான் சொல்லுமுன் அவளே பிரித்துவிட்டாள்.

அச்சில் வார்த்துப் பசையில் கல் ஒட்டிய நகைகள் மேடையில் தூரத்துக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ஜதிக்கு ஜதி தலையை வெட்டி ஆடுகிறவளுக்குத்தான் வித்தியாசம் தெரியும், அடவு நடுவே கல் உதிரும்போது.

நவம்பர் 3

ஆசிரியை வந்து ராக்கொடியை வாங்கிப்போனார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த ரிப்பேரை யார் செய்தது என்று கேட்டார், இவளைக் காட்டினேன்.

இன்று கூலி கணக்கும் பேசி முடித்தோம். பழகுகிற பிள்ளைக்குச் சோறு மட்டும் போட்டு வருஷக்கணக்கில் உட்கார வைத்ததால்தான் பையன்கள் ஓடினார்கள் என்பது என் உறுதியான எண்ணம். பதிக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் கூலி, மூத்த ஆளுக்கு என்ன தருவேனோ அதில் பாதி, தை பிறந்தால் முழுசாக.

இரண்டாவது ஒட்டியாணத்தின் நடுப்பதக்கத்தை அவளிடமே விட்டிருக்கிறேன். தட்டில் கல்லைக் கொட்டி நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். இருண்ட சிவப்பெல்லாம் ஓரத்துக்கு, வெளிறியது நடுவுக்கு என்கிறாள். நான் மாற்றித்தான் வைத்திருப்பேன். வைத்துப் பார்க்கட்டும்.