காணாமல் போன 13 அடி

மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் அப்பாவோடு பட்டறைக்கு வந்தான். வில்லைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "அண்ணா, கம்பெனிக்காரன் அம்பு விநாடிக்கு 330 அடி போகும்னு போட்டிருக்கான். இங்க மெஷின்ல 264தான் வருது. ஏதாவது பண்ணி ஏத்திக் குடுங்க" என்றான். அதுவரை பேசாமல் நின்ற அப்பா மெதுவாகக் கேட்டார்: "நகையை வச்சு வாங்கினது சார். ஏமாத்திட்டாங்களா?"

இரண்டு நுனியிலும் கேம் என்னும் சக்கரமும் அவற்றை இணைக்கும் கேபிள்களும் கொண்ட காம்பவுண்ட் வில்களைப் பழுதுபார்த்து டியூன் செய்வதுதான் பதினொரு வருடமாக என் வேலை. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கங்களையும் இந்தியா வென்ற பிறகு, இந்த வில்லோடு வரும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி உண்டு என்று அறிவித்த பிறகு இன்னும் அதிகம். பெரும்பாலும் எல்லோரும் முதலில் கேட்பது வேகத்தைத்தான்.

அப்பாவை உட்காரச் சொல்லி, ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கம்பெனி சொல்லும் வேகம் 70 பவுண்டு இழுவிசை (நாணை இழுக்க வேண்டிய உச்ச பலம்), 30 அங்குல இழுநீளம் (நாணை முழுதாக இழுக்கும் தூரம்), 350 கிரெயின் (சுமார் 23 கிராம்) எடையுள்ள அம்பு, நாணில் வேறெதுவும் கட்டாத வில் ஆகியவற்றுக்கானது. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிப்படி காம்பவுண்டில் 60 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. அதில் சுமார் 18 அடி போய்விடும். பையனின் இழுநீளம் 27.5 அங்குலம். ஓர் அங்குலத்துக்குப் பத்து அடி என்று வைத்தால் 25 அடி. அவன் அம்பு 365 கிரெயின், அதற்கு ஐந்து. நாணில் உள்ள பீப்புக்கும் (குறிபார்க்கும் துளை) டி-லூப்புக்கும் (இழுக்கப் பிடிக்கும் கயிற்று வளையம்) இன்னொரு ஐந்து. மீதி 277. "யாரும் ஏமாத்தலை சார். ஆனா 13 அடி எங்கேயோ போயிருக்கு, அதைத் தேடலாம்" என்றேன்.

உண்மையில் அந்த 13 அடியை விட என்னை உறுத்தியது வேறொன்று. பையனைப் பத்து அம்பு விடச் சொன்னபோது வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் 264, 261, 265, 260 என்று எண் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. காம்பவுண்ட் போட்டி 50 மீட்டரில் நடக்கிறது. அந்தத் தூரத்தை இந்த அம்பு கடக்க ஒரு விநாடியில் பத்தில் ஆறு பங்குக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதற்குள் சுமார் 1.9 மீட்டர் கீழே இறங்கும். வேகம் 3 அடி மாறினால் அம்பு விழும் இடம் மேலோ கீழோ நான்கு சென்டிமீட்டர் நகரும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 சென்டிமீட்டர். நடுவில் போகவேண்டிய அம்பு கோட்டில் போய் நிற்க அந்த 3 அடி போதும். 2023 பெர்லின் உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் இந்திய வீரர் ஓஜஸ் தேவ்தலே பதினைந்து அம்புகளையும் அந்த வட்டத்துக்குள் வைத்து 150 எடுத்தார். அப்படி எய்ய அவர் கை மட்டும் போதாது, வில்லும் ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தைக் கொடுக்கவேண்டும்.

சரி, தேடத் தொடங்கினேன். தராசில் மாட்டி இழுத்தபோது 60 பவுண்டு இல்லை, 57தான் இருந்தது. பழைய கேபிள்கள் நீண்டிருந்தன. கேபிள் நீண்டால் இழுவிசை குறையும், இரண்டு கேம்களும் ஒன்றாகச் சுழல்வதும் கெடும். வில்லை டிரா போர்டில் வைத்து வின்ச்சால் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். மேல் கேமில் இழுப்பை நிறுத்தும் ஸ்டாப் கேபிளைத் தொட்டபோது கீழ் கேமுக்கு இன்னும் இரண்டு மில்லிமீட்டர் பாக்கி. வேகம் மாறியதற்குக் காரணம் இதுதான். முழுதாக இழுத்ததும் சுவர்போல வந்து நிற்கவேண்டிய இடம் பஞ்சுபோல இருந்தது. பையன் ஒரு தடவை அழுத்தி இழுக்கிறான், ஒரு தடவை கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறான். கால் அங்குலம் மாறினாலே இரண்டரை அடி.

1960களில் அமெரிக்காவின் மிசௌரியில் ஹாலஸ் வில்பர் ஆலன் இந்த வில்லை உருவாக்கி, 1969இல் காப்புரிமை பெற்றார். சாதாரண வில்லில் இழுக்க இழுக்கக் கனம் ஏறிக்கொண்டே போகும். இதில் சீக்கிரமே உச்சத்துக்கு ஏறி, அங்கேயே நின்று, கடைசியில் சட்டென்று இறங்கிவிடும். எத்தனை தடவை டிரா போர்டில் பார்த்தாலும் அந்த இறக்கம் எனக்கு அலுப்பதில்லை. ஒவ்வொரு அங்குலத்திலும் எத்தனை பவுண்டு என்று எழுதிக் கூட்டி, அடிக்கு மாற்ற 12ஆல் வகுத்தால் வில்லுக்குள் எவ்வளவு ஆற்றல் சேர்கிறது என்று தெரிந்துவிடும். அன்று 74 அடி-பவுண்டு வந்தது. அம்பு கொண்டுபோகும் ஆற்றலுக்கு வேறு கணக்கு: கிரெயின் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450240ஆல் வகுக்கவேண்டும். அது 56.5. நூற்றுக்கு 76 பங்குதான் அம்போடு போகிறது. மீதி வில்லின் வளையும் கைகளான லிம்பையும் கேமையும் நாணையும் அசைப்பதிலும், உராய்விலும், சத்தத்திலும், கைக்கு வரும் அதிர்விலும் போய்விடுகிறது.

இழுக்கும்போது எழுதிய எண்களை, வின்ச்சைத் தளர்த்தி நாணைத் திரும்ப விடும்போதும் எழுதினேன். ஒரே இடத்தில் இழுக்கையில் 56, விடுகையில் 52. அந்த நான்கு பவுண்டும் உராய்வு. கேபிளை ஒதுக்கிப் பிடிக்கும் உருளையில் கடற்காற்றுத் துரு ஏறியிருந்தது, கீழ் கேமின் பேரிங்கில் மணல். இறகில் முகப்பவுடர் தடவி ஓர் அம்பு விடச் சொன்னேன். கேபிளில் வெள்ளைக் கோடு விழுந்தது, இறகு அதில் உரசுகிறது. அம்பின் பின்னால் நாணில் மாட்டும் 'நாக்' என்ற துண்டைக் கொஞ்சம் திருப்பி மாட்டினால் தீர்ந்துவிடும் விஷயம், மாதக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை.

வேலையை முடித்ததும் பையன் இன்னொன்று கேட்டான்: "லேசான அம்பு போட்டா இன்னும் ஏறுமில்லண்ணா?" ஏறும். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதையே கேட்ட ஒரு பையனுக்கு முனையின் எடையைக் குறைத்து, 60 பவுண்டு வில்லுக்கு 285 கிரெயினில் அம்பு தயார்செய்து கொடுத்தேன். பவுண்டுக்கு ஐந்து கிரெயின், அதாவது 300க்குக் குறையக் கூடாது என்பது எனக்குத் தெரியும். பதினைந்து கிரெயின்தானே என்று நினைத்துவிட்டேன். எடை குறைந்தால் அம்பு வாங்கிக்கொள்ளும் பங்கும் குறையும், வாங்காதது வில்லுக்கே திரும்பும். வில் ஓசை ஏறியதை நான் கேட்டேன், கேட்டும் விட்டுவிட்டேன். சில வாரத்தில் மேல் லிம்பில் நுனியிலிருந்து நீளமாக ஒரு கீறல் ஓடியது. நல்ல வேளை, அவன் அதைக் கண்ணால் பார்த்து இழுக்காமல் வைத்துவிட்டான். புது லிம்ப் வர இரண்டு மாதம் ஆனது, அந்த வருடப் போட்டி அவனுக்கு இல்லாமல் போனது. அவன் என்மேல் கோபப்படவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

இந்தப் பையனிடம் அதை அப்படியே சொன்னேன். அவன் அம்பு 365ஆகவே இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டான்.

புது நாணும் கேபிளும் போட்டு, லிம்பை அழுத்திப் பிடிக்கும் பிரெஸ்ஸில் வைத்து ஒரு கேபிளுக்கு அரைச் சுற்று, மறுபடி அரைச் சுற்று என்று முறுக்கி, இரண்டு ஸ்டாப்பும் ஒரே நேரத்தில் தொடும்படி செய்தேன். பேரிங்கும் உருளையும் மாற்றினேன். இழுவிசை 60க்கு வந்தது. வில்லில் சேர்வது 78 அடி-பவுண்டு, அம்பு கொண்டுபோவது 60.9. நூற்றுக்கு 76 பங்காக இருந்தது 78 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் குரோனோகிராஃபில் 274, 274, 273, 274 என்று வந்தபோது பையன் மெஷினைத் தட்டிப் பார்த்தான்.

அப்பா தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். "277ன்னு எழுதினீங்களே சார், இன்னும் மூணு அடி?" நான் போட்டது கைக்கணக்கு, அதில் இரண்டு மூன்று அடி முன்னே பின்னே இருக்கும் என்றேன். போட்டிக்கு மூன்று வாரம்தான். வேகம் பத்தடி ஏறியதால் 50 மீட்டரில் அம்பு 13 சென்டிமீட்டர் மேலே விழும், குறிபார்க்கும் சைட்டை முதலிலிருந்து வைக்கவேண்டும். புது நாணும் முதல் சில நூறு அம்புக்குள் கொஞ்சம் இளகும். கேமின் நிலையை வெள்ளை மார்க்கரால் லிம்பில் குறித்துக் கொடுத்து, 300 அம்பு விட்டதும் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமையே வந்துவிட்டான். குறி அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது.