டைமரைக் கழற்றிய பிறகுதான் பிழை சிக்கியது

நெட்வொர்க் சிப் ஒன்றின் பாக்கெட் பஃபரை, அதாவது தரவுப் பாக்கெட்டுகளைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகத்தை, ஃபார்மல் முறையில் (கணித ரீதியாக நிரூபித்து) சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. எழுதியதே திரும்ப வர வேண்டும், ஒரே இடம் இரண்டு பாக்கெட்டுக்குப் போகக் கூடாது. நிரூபிக்க வேண்டியது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மாலை டூலை ஓடவிட்டுப் போனேன். திங்கள்கிழமை வந்து பார்த்தால், "40 கிளாக் வரை பிழையில்லை" என்று சொல்லி அங்கேயே நின்றிருந்தது. கிளாக் என்பது சிப்பின் ஒரு துடிப்பு.

பஃபரில் 1,024 இடங்கள், ஒவ்வொன்றும் 32 பிட். நினைவகம் மட்டுமே 32,768 பிட். ஒரு பிட் கூடினால் டூல் அலச வேண்டிய நிலைகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்.

"ஆயிரத்தையும் ஏம்ப்பா தூக்கிச் சுமக்குற? ஒண்ணை மட்டும் வச்சுக்கோ" என்றார் எங்கள் சீனியர். அது எந்த இடம் என்று நாங்கள் சொல்லவில்லை. டூலே ஏதோ ஒரு முகவரியைப் பிடித்துக்கொள்ளலாம். அந்த ஓர் இடம் மட்டும் நிஜம், மற்றவற்றைப் படித்தால் எந்த மதிப்பும் வரலாம். எந்த முகவரியைப் பிடித்தாலும் நிரூபணம் நிற்கிறதென்றால் எல்லாவற்றுக்கும் நிற்கும். எழுதியதே திரும்ப வருகிறது என்பது மதியத்துக்குள் முடிந்தது.

அப்புறம் டைமர். பதில் வராவிட்டால் இடத்தை விடுவிக்கும் 24 பிட் கவுன்ட்டர். முழுதாக ஓட 1,67,77,216 கிளாக் வேண்டும். நாற்பதில் திணறும் டூல் அங்கே எப்போது போய்ச் சேரும்? கவுன்ட்டரைக் கழற்றிவிட்டு, "எப்போது வேண்டுமானாலும் நேரம் முடியலாம்" என்று வைத்தோம். உடனே ஒரு பிழை வந்தது. சிக்னல்கள் மாறுவதைக் காட்டும் அலைவடிவத்தைத் திறந்தால், டைமர் தொடங்கும் முன்பே முடிந்திருந்தது. நிஜ சிப்பில் நடக்காத விஷயம். அளவுக்கு மீறித் தளர்த்தியிருந்தோம். "தொடங்கியிருந்தால் மட்டுமே முடியலாம்" என்று ஒரு விதி சேர்த்து, நிஜ டைமர் அந்த விதிக்குக் கட்டுப்படுகிறதா என்பதையும் தனியாக நிரூபித்தேன். இந்தப் படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். விதி தப்பானால் நிஜப் பிழையே மறைந்துவிடும். இப்படிப் பொய்ப் பிழையைப் பார்த்துப் பார்த்துச் சுருக்கத்தை (எளிமையாக்கிய மாதிரியை) திருத்துவதைக் கணினி விஞ்ஞானி எட்மண்ட் கிளார்க் குழுவினர் 2000-ல் தானியங்கி முறையாகவே தந்தார்கள். நாங்கள் கையால் செய்தோம்.

அடுத்து வந்த பிழைக்கு 14 கிளாக்தான். நேரம் முடியும் அதே கிளாக்கில் பதிலும் வந்து சேர்கிறது. இரண்டு பக்கமும் அதே இடத்தை விடுவிக்க, காலி இடங்களின் பட்டியலில் ஒரே முகவரி இரண்டு முறை ஏறுகிறது. அடுத்து வரும் இரண்டு பாக்கெட்டுக்கும் ஒரே இடம்! மாதிரி உள்ளீடுகளைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனில் மாதக்கணக்காக ஓடியும் இந்த ஒரு கிளாக் பொருத்தம் வாய்க்கவே இல்லை.

டிசைனர் முதலில் நம்பவில்லை. சிமுலேஷனில் டைமரை முடிவுக்குச் சற்று முன்னால் வைத்து, பதிலை அதே கிளாக்கில் விட்டுக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தபடியே கீபோர்டை இழுத்தார். பதிலுக்கு முன்னுரிமை தரும் ஒரு நிபந்தனை, அவ்வளவுதான் திருத்தம். அன்று இரவே மீண்டும் ஓட்டினோம். இந்த முறை கிளாக் எண்ணிக்கை எதுவும் இல்லை, "நிரூபிக்கப்பட்டது" என்று மட்டும் வந்தது.