வாய்ப்புண் ஜெல்

நேத்து சாயங்காலம் எங்க மருந்துக்கடையில கூட்டம். ஒரு தம்பி வந்து, "அண்ணே, அம்மாவுக்கு வாய் முழுக்க புண்ணு, ஒரு ஜெல் குடுங்க"ன்னார். எடுத்துக் குடுத்தா முப்பது செகண்ட் வேலை. என்னவோ தோணி, "அம்மா வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"ன்னு கேட்டேன்.

"மூட்டுவலிக்கு ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை. டாக்டர் ஊர்ல இல்லாத நேரம், பத்து நாளா தினமும் ஒண்ணு."

அட்டையை வாட்ஸ்அப்ல வாங்கிப் பார்த்தா மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கு வாரத்துல ஒரே ஒரு நாள் போடுற மருந்து அது! தினமும் போனா எலும்பு மஜ்ஜையில ரத்த அணு உற்பத்தியே படுத்துடும். வாய்ப்புண் அதோட முதல் எச்சரிக்கையா இருக்கலாம். பக்கவிளைவைக் குறைக்க டாக்டர் கூடவே எழுதுற ஃபோலிக் ஆசிட்ங்கிற வைட்டமின் மாத்திரையும் எங்க கடையில அதே மஞ்சள், கிட்டத்தட்ட அதே சைஸ். எது தினசரி, எது வாராந்திரம்னு அந்தம்மாவுக்கு யாரும் சொல்லலை போல.

ஜெல் குடுக்கலை. அந்தத் தம்பிக்குக் கோபம், "ஜெல்லுக்கு எதுக்குண்ணே இவ்ளோ விசாரணை?" நியாயமான கோபம்தான். மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி, காய்ச்சல் இருக்கான்னு கேட்டேன். லேசா இருக்காம். ரத்த அணு குறைஞ்ச உடம்புல காய்ச்சல்னா தொற்றா இருக்கலாம். அதுக்கப்புறம் யோசிக்க ஒண்ணுமில்லை. இது ஃபோலினிக் ஆசிட் ஊசி (மெத்தோட்ரெக்சேட்டுக்கு மாற்று மருந்து, அதை முறிக்கப் போடுறது) வரைக்கும் போகலாம், காலையில பாத்துக்கலாம்னு தள்ளாதீங்கன்னு சொல்லி, மருந்து பேர், அளவு, எத்தனை நாள்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

இன்னிக்கு முதல் வேலையா கடையில இருக்கிற மெத்தோட்ரெக்சேட் அட்டை எல்லாத்துலயும் சிவப்பு மார்க்கர்ல எழுதிட்டேன்: "வாரம் ஒருமுறை. எந்தக் கிழமை?"