நாய்க்கடி: ஊசி உடனே கிடைத்தது, சீரத்துக்குத்தான் அலைந்தோம்

நாய் கடித்தால் வெறிநோய் (ரேபிஸ்) வராமல் இருக்க ஊசி போட வேண்டும் என்பது இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். கடி ஆழமாக இருந்தால் அந்த ஊசி மட்டும் போதாது, சீரம் என்று இன்னொன்றும் போட்டாக வேண்டும் என்பதைத்தான் யாரும் தாமாக வாய் திறந்து சொல்வதில்லை. என் மகளுக்காக நான் நடையாய் நடந்தது அந்தச் சீரத்துக்கு. அவள் நன்றாக இருக்கிறாள், எல்லாத் தவணையும் முடிந்துவிட்டது. ஆனால் கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மகளுக்கு ஒன்பது வயது. ஒரு வியாழக்கிழமை, காலை டியூஷன் முடிந்து வரும்போது பின் தெருவில் வளர்க்கிற நாய் ஒன்று, கேட் திறந்து கிடந்ததால் ஓடி வந்து கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. நான்கு பல் பதிந்திருந்தது. இரண்டு ஓட்டையில் ரத்தம் நிற்கவே இல்லை. குழாயடியில் உட்கார வைத்து, சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவினேன். அவள் அலறினாள். இருந்தாலும் விடவில்லை. இந்த 15 நிமிடத்தை யாரும் குறைக்காதீர்கள். காயத்தில் இருக்கும் கிருமியில் பெரும் பங்கு இதிலேயே போய்விடும்.

எதிர்வீட்டுப் பெரியம்மா அதற்குள் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு வந்துவிட்டார். பாசத்தில்தான் வந்தார். "வேண்டாம் பெரியம்மா, ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் கடிவாயில் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டும் போடக் கூடாது.

பக்கத்தில் இருந்த கிளினிக்கில்தான் முதல் அடி விழுந்தது. டாக்டர் டி.டி. (டெட்டனஸ்) ஊசி மட்டும் போட்டார். "வீட்டு நாய்தானே? பத்து நாள் நாயைக் கவனிங்க. அதுக்கு ஏதாவது ஆனா அப்ப ஏ.ஆர்.வி. போட்டுக்கலாம்" என்றார். ஏ.ஆர்.வி. என்பதுதான் வெறிநோய்த் தடுப்பூசி. நான் ஏற்கெனவே கொஞ்சம் விவரம் தெரிந்து வைத்திருந்ததால் எழுந்து வந்துவிட்டேன். தெரியாத ஒருவர் என்ன செய்திருப்பார்? வீட்டுக்குப் போய் நாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நம் நாட்டில் உள்ள வழிமுறை தெளிவானது. ஊசியை அன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும், நாயைக் கவனிப்பது அதோடு சேர்ந்து நடக்க வேண்டும். நோய் வெளியே தெரிந்த பிறகு காப்பாற்ற வழியே கிடையாது என்கிற ஒரு வியாதிக்கு, பத்து நாள் காத்திருக்கச் சொல்ல ஒரு மருத்துவருக்கு எப்படி மனசு வருகிறது?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏ.ஆர்.வி. உடனே போட்டார்கள், ஒரு பைசா வாங்கவில்லை. தோலுக்குள் போடுகிற முறை, இரண்டு தோளிலும் 0.1 மில்லி. தவணை தேதிகள் எழுதிய அட்டையும் கொடுத்தார்கள்: முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்ஜியம் என்று வைத்து எண்ண வேண்டும், அதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

"சிஸ்டர், சீரம்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஜி.எச்.லதான்மா. ஊசிதான் போட்டாச்சே, பயப்படாதீங்க."

பயம் அங்கேதான் ஆரம்பித்தது. கடியை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். காயமில்லாத தோலில் நாய் நக்கினால் முதல் வகை, ஊசியே தேவையில்லை. ரத்தம் வராத சின்னக் கீறல் என்றால் இரண்டாம் வகை, ஊசி மட்டும். தோலைக் கிழித்து ரத்தம் வந்தாலோ, புண்ணிலோ வாய், கண் போன்ற இடத்திலோ எச்சில் பட்டாலோ மூன்றாம் வகை, அதற்கு ஊசியும் வேண்டும், சீரமும் வேண்டும். ஊசி போட்டதும் உடம்பு தானாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் கிருமி நரம்புக்குள் புகாமல் காயத்திலேயே மடக்குவது சீரம். என் மகளின் காலில் நான்கு பல் இறங்கியிருந்தது. அட்டையில் "நாய்க்கடி, முதல் தவணை" என்று மட்டும் இருந்தது. எந்த வகை என்று எழுத வேண்டிய கட்டம் காலி.

அந்தக் காலிக் கட்டம்தான் எங்களை அலைக்கழித்தது. ஜி.எச்.சில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றோம். கவுண்டரில் இருந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏ.ஆர்.வி. அங்கயே போட்டாச்சு, இங்க எதுக்கு வந்தீங்க? எந்த வகைன்னு எழுதல, ரெஃபரல் சீட்டும் இல்ல. எழுதி வாங்கிட்டு வாங்க." குழந்தையின் காலை ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை. மறுபடி பஸ் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், டாக்டர் கிராம முகாமுக்குப் போய்விட்டார், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். பிள்ளை கால் வலியில் என் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

சாயங்காலம் மறுபடி ஜி.எச்.சுக்கே போனோம். ஓ.பி. பக்கம் திரும்பாமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்து, "மூணாம் வகை கடி, சீரம் போடணும்" என்று சத்தமாகவே சொன்னேன். பணியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். துணியை விலக்கி, டார்ச் அடித்து, நான்கு ஓட்டையையும் பார்த்தார். "இதைப் பார்த்தாலே தெரியுதேம்மா, இதுக்கு எதுக்கு சீட்டு?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலில் எடை பார்த்தார்கள், 24 கிலோ. சீரத்தின் அளவு எடையை வைத்துத்தான். குதிரையிலிருந்து எடுக்கிற சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட், மனிதரிடமிருந்து எடுப்பது என்றால் 20. அங்கே இருந்தது குதிரைச் சீரம். 960 யூனிட், அதாவது 3.2 மில்லி என்று டாக்டர் கணக்குப் போட்டு, என்னிடமும் காட்டினார். கையில் சின்னதாகப் போட்டு ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடிவாயில் ஆரம்பித்தார். ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும், அதன் உள்ளேயும், ஊசி முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி மருந்தை இறக்கினார். தோல் வெளுத்து உப்பிக்கொண்டே வந்தது. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன், என் வீட்டுக்காரர் அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். வலி பொறுக்க முடியாதது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் சீரம் கடிவாயில்தான் இறங்க வேண்டும். உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ காயத்தை விட்டுவிட்டு இடுப்பில் மட்டும் குத்தி அனுப்பப் பார்த்தால், "காயத்துல போடலயா டாக்டர்?" என்று கேளுங்கள்.

சீரம் முதல் நாளே போட முடியாமல் போனால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். முதல் ஊசி போட்டதிலிருந்து 7 நாளுக்குள் போடலாம். அதற்குப் பிறகு உடம்பே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கத் தொடங்கிவிடுவதால் போட மாட்டார்கள். இல்லை என்று ஓரிடத்தில் சொன்னால் அடுத்த பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எங்கே இருக்கிறது என்று 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. "லீவுமா, திங்கக்கிழமை வாங்க" என்றார்கள். தவணையை நம் வசதிக்குத் தள்ளக் கூடாது, ஜி.எச். அவசரப் பிரிவில் போய்ப் போட்டுக்கொண்டோம். ஏழாம் நாள் வேறு ஒரு தலைவலி. ஊசி போட உட்கார்ந்தால், "இன்னும் ரெண்டு மூணு பேர் வரட்டும், குப்பியை உடைச்சா வீணாயிடும்" என்று காக்க வைத்தார்கள். உடைத்த குப்பியைக் குளிரில் வைத்து ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், ஆளுக்கு 0.2 மில்லிதான் செலவாகும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். மருந்து வீணாகக் கூடாது என்கிற கவலை எனக்கும் புரிகிறது. அதற்காகப் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளையை மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார வைப்பதா? கூலி வேலைக்குப் போகிற ஒருவர் அன்றைக்கு எழுந்தே போய்விட்டார். அவருடைய தவணை என்ன ஆனதோ. பொறுப்பு மருத்துவரிடம் நேராகப் போய்ச் சொன்னேன், பத்தே நிமிடத்தில் குப்பி உடைந்தது.

தனியாரில் தசையில் போடுகிற முறையில் ஆரம்பித்தவர்களுக்குக் கணக்கு வேறு: 0, 3, 7, 14, 28 என ஐந்து தவணை. எந்த முறையில் ஆரம்பித்தீர்களோ அதிலேயே முடிப்பது நல்லது.

இனி நாய் விஷயம். உரிமையாளர் "ஊசியெல்லாம் போட்டிருக்கு சார்" என்று என் வீட்டுக்காரரிடம் அடித்துச் சொன்னார். புத்தகத்தைக் காட்டச் சொன்னோம். ஸ்டிக்கர் இருந்தது, அடுத்த ஊசிக்கான தேதி தாண்டி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், தடுப்பூசிப் புத்தகத்தை வாங்கித் தேதியையும் மருத்துவர் கையெழுத்தையும் பாருங்கள்.

பிரச்சினை ஆகும் என்று தெரிந்ததும் அவர், "தோட்டத்துல கொண்டு போய் விட்டுடறேன்" என்றார். தெருப் பையன்களோ அடித்துக் கொன்றுவிடலாம் என்று கட்டையோடு நின்றார்கள். இரண்டையும் நான் தடுத்தேன். கடித்த நேரத்தில் நாயின் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால் 10 நாளுக்குள் அது நோய் முற்றிச் செத்துவிடும். 10 நாள் கழித்தும் நன்றாக இருந்தால் அந்தக் கடியால் ஆபத்தில்லை. நாயைத் தொலைத்துவிட்டால் இதைத் தெரிந்துகொள்ளவே முடியாது. கட்டிப்போட்டு, சோறு வைத்து, கண்ணில் படும்படி வைத்திருங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொண்டேன்.

இதை எழுத்தில் பதிய வைக்கத்தான் பெரும்பாடு பட்டேன். நகராட்சி சுகாதாரப் பிரிவில், "வளர்ப்பு நாய்னா போலீஸ் ஸ்டேஷன், தெருநாய்னாதான் நாங்க" என்றார்கள். ஸ்டேஷனில், "இது நகராட்சி வேலைம்மா" என்றார்கள். கால்நடை மருந்தகத்தில் டாக்டர் நாயைப் பார்த்தார், ஆனால் நகராட்சிக் கடிதம் இல்லாமல் எழுதித்தர மாட்டேன் என்றார். மருத்துவமனைப் பதிவேட்டில் என் மகளின் பெயர் இருக்கிறது, கடித்த நாயைப் பற்றி எங்கேயும் ஒரு வரிகூட இல்லை. இது எப்படிச் சரியாகும்?

ஸ்டேஷனுக்கு மறுபடி போய், பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றவியல் சட்டத்தின் 291ஆவது பிரிவை எழுதிய மனுவை நீட்டினேன். தன் வசம் உள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைப் படித்த பிறகுதான் ரைட்டர் அண்ணன் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது போட்டார். நகராட்சிக்கு மனுவை இரண்டு நகலாகக் கொண்டுபோய், ஒன்றில் தபால் பிரிவின் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டேன். அன்று ராத்திரியே முதல்வரின் உதவி எண்ணான 1100க்குப் போன் செய்து புகார் எண்ணும் வாங்கினேன். சுகாதார ஆய்வாளர் அதற்குப் பிறகு தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். நாயைப் பார்த்தார், உரிமையாளரிடம் எழுதி வாங்கினார். 10 நாள் முடிந்ததும் நாய்க்குத் தடுப்பூசி போட வேண்டும் என்றும் உத்தரவு. கவனிப்பில் இருக்கும்போதே போட்டால் காய்ச்சல் வந்தால்கூட எதனால் என்று குழப்பம் வரும், அதனால் பிறகுதான் போட வேண்டுமாம்.

அவர் அக்கம்பக்கம் விசாரித்தபோதுதான் இன்னொன்று வெளியே வந்தது. அன்று காலையிலேயே அதே நாய் பால் ஊற்றுகிற அண்ணனையும் பிறாண்டியிருக்கிறது. "கீறல்தானேம்மா" என்று அவர் ஊசியே போடவில்லை. ஆய்வாளர் கையோடு அழைத்துப்போய் முதல் தவணை போட வைத்தார். நாள் கடந்துவிட்டது என்று யாரும் விட்டுவிட வேண்டாம், தாமதமானாலும் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். நான் பட்ட அலைச்சலில் மனசுக்கு ஆறுதலாக இருந்தது இது ஒன்றுதான்.

சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். அதை வாங்க வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் வேண்டும். எங்கள் ஊர் மாதிரிச் சின்ன ஊர்களிலும் அதைக் கண்டிப்பாகக் கேட்டிருந்தால் தேதி தாண்டிய ஸ்டிக்கரோடு அந்த நாய் தெருவுக்கு வந்திருக்காது.

10 நாள் கழித்தும் நாய் நன்றாகவே இருந்தது. "இனி எதுக்கு ஊசி?" என்று உறவில் சிலர் சொன்னார்கள். நான் 28ஆம் நாள் தவணையை விடவில்லை. முழுதாக முடித்தவர்களை இனி ஒரு நாய் கடித்தால் 0, 3 என்று இரண்டே தவணைதான், சீரம் வேண்டாம். ஆனால் முன்பே முழுதாக முடித்ததற்கு அட்டைதான் ஆதாரம். எங்கள் அட்டையில் சீரம் போட்டதையே எழுதாமல் விட்டிருந்தார்கள். கடைசி ஊசி போட்ட அன்றே ஜி.எச்.சுக்குப் போய் அந்தச் சின்ன டாக்டரைப் பார்த்து, தேதி, அளவு, மூன்றாம் வகை என்று மூன்றையும் எழுதி, சீல் போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.